கேன்சர் டாக்டர்கள் ஏன் ஓடிப்போகவில்லை? பந்தியில் கேட்ட பேச்சுக்கு ஒரு பதில்

செக்காலைத் திண்ணை | ஞாயிறு, இரவு 9.12

இன்று காலை தேவகோட்டையில் ஓர் அறுபதாம் கல்யாணம். பந்தியில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் மூன்றாவது கந்தரப்பத்தைக் கடித்துக்கொண்டே ஒரு தீர்ப்பு வழங்கினார்: "கேன்சர் டாக்டர்கள் அந்த வேலையை விடாமல் இருப்பதற்கு ஒரே காரணம் கமிஷன். மருந்துக்கு ஒன்று, ஸ்கேனுக்கு ஒன்று. சேவையாம் சேவை! அடையாற்றில் இருந்த அம்மாள்கூடச் சம்பளம் வாங்கியவர்தான்." சுற்றியிருந்த ஆறு பேரும் தலையாட்டினார்கள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அந்த வருத்தம் தனி.

சம்பளம் வாங்கினாராம். எவ்வளவு என்று அந்தப் பெரியவருக்குத் தெரியுமா? மாதம் 200 ரூபாய். டாக்டர் சாந்தா எம்.டி. முடித்து, சர்வீஸ் கமிஷன் தேர்வும் எழுதி, அரசு மகளிர் மருத்துவமனை வேலை கைக்கு வந்த பிறகு அதை உதறிவிட்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனவர். போன இடத்தில் இருந்தவை 12 படுக்கைகள். டாக்டர்கள் என்று பார்த்தால் கிருஷ்ணமூர்த்தியும் இவரும்தான். மூன்று வருடம் சம்பளமே இல்லாத கௌரவப் பணி. அதற்குப் பிறகுதான் அந்த 200 ரூபாய். 1955 ஏப்ரல் 13 அன்று வளாகத்துக்குள் குடிபோனார். 2021 ஜனவரியில் காலமாகும்வரை அதுதான் அவருக்கு வீடு. 65 வருடம் ஓரிடத்தில் இருந்தவரைப் பார்த்துக் கமிஷன் என்று சொல்ல நாக்கு எப்படி வருகிறது?

பழைய பேரேடு | இரவு 9.47

பந்தியில் சொன்னது நான்தான். நீர் இலையை மடித்தது கோபத்தில் அல்ல. மூன்றாவது கந்தரப்பம் எனக்கு வந்தது, உமக்கு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். 200 ரூபாய், 200 ரூபாய் என்று உருகுகிறீர். படிக்கிற பிள்ளைகள் இன்றைய 200 ரூபாய் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். 1955இல் 10 கிராம் தங்கம் 79 ரூபாய் சொச்சம். எட்டு கிராம் பவுன் என்றால் 63 ரூபாய். 200 ரூபாய்க்கு மூன்று பவுன் வாங்கிவிட்டு மிச்சத்தில் காய்கறியும் வாங்கலாம். மாதம் மூன்று பவுன், தங்குவதற்கு வீடு, வாடகை கிடையாது. இங்கே எழுதுகிறவர்களில் யாருக்காவது மாதம் மூன்று பவுன் வருகிறதா? வந்தால் கையைத் தூக்குங்கள்.

அந்த அம்மாளை நான் குறை சொல்லவில்லை. கணக்கைக் கணக்காகச் சொல்லுங்கள் என்கிறேன். மூன்று பவுன்.

செக்காலைத் திண்ணை | இரவு 9.55

நீங்களா! குரலை வைத்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் கௌரவப் பணி என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பவுனுக்கு ஓடுகிறீர்கள். மூன்று வருடம் பூஜ்யம் வாங்கினவருக்கு அந்தப் பூஜ்யத்துக்கு எத்தனை பவுன்?

பழைய பேரேடு | இரவு 10.03

குதிக்கவில்லை. நின்று பார்த்துவிட்டுத்தான் தாண்டினேன். மருத்துவமனை திறந்தது 1954. அம்மாள் குடிபோனது 1955 ஏப்ரல். நீர் சொல்கிற மூன்று வருடக் கௌரவப் பணி இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் எங்கே நுழையும்? என் கணக்கில் ஒரு வருடமே தேறவில்லை. வரவு தேதியையும் பற்று தேதியையும் பார்க்காமல் பேரேடு எழுதினால் கடை மூழ்கிவிடும் தம்பி.

கோபால்ட் 60 | இரவு 10.20

பள்ளத்தூர்க்காரன். கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில் டெக்னீஷியன், 17 வருடமாக.

பெரியவருக்கு வணக்கம். குடிபோனது 1955, சம்பளம் தொடங்கியது அதற்கு மூன்று வருடம் கழித்து. இரண்டையும் ஏன் ஒரே நாளில் முடிச்சுப் போடுகிறீர்கள்? அப்படிப் பார்த்தால் சம்பளம் 1958இல். அந்த வருடம் 10 கிராம் தங்கம் 95 ரூபாய்க்கு மேல். பவுன் 76. ஆகவே 200 ரூபாய்க்கு இரண்டரைப் பவுனும் கொஞ்சமும்.

அது கிடக்கட்டும். "கேன்சர் டாக்டர்" என்று தலைப்பிலேயே போட்டுவிட்டீர்கள். இந்தத் துறையில் நிலைத்திருப்பவர்கள் டாக்டர்கள் மட்டும்தானா? நர்ஸ், எங்களைப் போன்ற டெக்னீஷியன், கதிர் அளவு கணக்கிடும் இயற்பியலாளர், மருந்து கலக்குபவர் எல்லாரும் எங்கே? முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொள்ளலாமா?

பழைய பேரேடு | இரவு 10.26

மூன்று பவுன் இரண்டரை ஆகிவிட்டது. நாளைக் காலைக்குள் குன்றிமணி ஆக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது. 1958 விலைக்கு ஆதாரம் வேண்டும்.

செக்காலைத் திண்ணை | இரவு 10.31

1955 விலைக்கு நீங்கள் கொடுத்த ஆதாரம் எங்கே?

பழைய பேரேடு | இரவு 10.33

எங்கள் அப்பச்சி எழுதிய பேரேடு. கையெழுத்து உண்டு. உங்கள் வீட்டில் இருக்கிறதா?

வெள்ளைத் தொப்பி | இரவு 11.40

இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன். ஊர் புதுவயல். வேறு ஊரில் புற்றுநோய் வார்டில் 19 வருடமாக நர்ஸ். நடுவில் இரண்டு வருடம் வளைகுடாவில் நல்ல சம்பளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி அதே வார்டுக்கு வந்தவள்.

கோபால்ட் தம்பி நர்ஸ் என்று ஒரு சொல் எழுதினார். அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை, பவுனுக்குப் போய்விட்டீர்கள். நான் ஏன் திரும்பி வந்தேன் என்று சொல்கிறேன். கேட்டால் கேளுங்கள்.

ஆறு ஏழு தடவை மருந்து ஏற்றிய கையில் நரம்பு கிடைக்காது. உள்ளே ஒளிந்துகொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுற்றி வைத்துவிட்டு, கையைத் தொங்கப்போடச் சொல்லி, ஊர்க்கதை பேசிக்கொண்டே விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் தேடினால் கிடைக்காது. விரலுக்குக் கீழே நூல் மாதிரி ஒன்று துள்ளும். ஒரே குத்து. சிவப்பு மருந்தாக இருந்தால் ஒரு சொட்டு நரம்புக்கு வெளியே போனாலும் சதை வெந்துவிடும். அதனால் அது இறங்கி முடியும்வரை நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக மாட்டேன். போன மாதம் ஒரு பாட்டி, "நீ வந்தால்தான் கையைக் கொடுப்பேன்" என்று காலை எட்டிலிருந்து பதினொன்று வரை முந்தானைக்குள் கையை ஒளித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைகுடாவில் எனக்காக யாரும் கையை ஒளித்துவைக்கவில்லை.

எனக்குக் கமிஷன் வருகிறது என்று சொல்கிறவர் வந்து அந்தப் பாட்டியிடம் சொல்லட்டும்.

பழைய பேரேடு | காலை 5.50

நல்ல உருக்கம் ஆச்சி. நர்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. நான் சொன்னது டாக்டர். பேச்சை மாற்றாதீர்கள். மூன்று பவுன்.

வெள்ளைத் தொப்பி | காலை 6.15

நான் ஆச்சி இல்லை. சிஸ்டர் என்று கூப்பிடுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். பேச்சை மாற்றியது யார்? இவ்வளவு பேர் ஏன் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியைப் பவுன் கடைக்கு இழுத்துப் போனவர் நீங்கள்.

புதுக்கோட்டையான் | காலை 7.02

எல்லாரும் அடையாறு அடையாறு என்கிறீர்கள். அதைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி எங்கள் புதுக்கோட்டைப் பெண். 1886இல் பிறந்தவர். பையன்கள் கல்லூரியில் பெண் பிள்ளையைச் சேர்க்க ராஜா அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. தங்கை புற்றுநோயில் துடித்து 1923இல் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றைக்குப் பிடித்த பிடிவாதத்துக்கு 1954இல்தான் மருத்துவமனைக் கதவு திறந்தது. முப்பத்தோரு வருடம். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செட்டிநாட்டுக்காரர்கள் எங்களை எப்போதும் விட்டுவிடுவீர்கள்.

பழைய பேரேடு | காலை 7.10

அவர் பெயரைச் சொன்னதற்கு நன்றி. ஆனால் புதுக்கோட்டை செட்டிநாடு ஆகாது.

புதுக்கோட்டையான் | காலை 7.14

ராயவரம் எந்த மாவட்டம்? கோனாபட்டு? நச்சாந்துபட்டி? வலையபட்டி? சொல்லுங்கள் பார்க்கலாம். செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களிடம் மட்டும் எங்கள் ஊரையும் சேர்த்துக் கணக்குச் சொல்வீர்கள்.

பழைய பேரேடு | காலை 7.20

ஊர்கள் எங்களுடையவை. மாவட்டம் சர்க்காருடையது. டவுனை யாரும் சேர்க்கவில்லை.

கவுனி அரிசி | காலை 7.45

இத்தனை பேர் பேசுகிறீர்கள், மூல காரணத்துக்கு யாரும் வரவில்லை. கறுப்புக் கவுனியும் நல்லெண்ணெயும் இருந்த காலத்தில் இந்த நோய் ஏது? டாக்டர்களே ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று: அவர்கள் ஊசியில் போடுகிற மருந்தே நம் நித்தியகல்யாணிதான். சுடுகாட்டுப் பூ என்று நாம் ஒதுக்கிய செடி. அதை எடுத்து விற்றுக் காசு பார்க்கிறார்கள். அதனால்தான் போகவில்லை.

வெள்ளைத் தொப்பி | காலை 8.05

டூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில் இது. நித்தியகல்யாணியிலிருந்து வின்கிறிஸ்டின் எடுக்கிறார்கள், உண்மை. அதற்காகச் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்தால் அது விஷம். கொல்லையில் பூத்திருக்கிறதே என்று யாரும் வாயில் வைத்துவிடாதீர்கள். எங்கள் வார்டில் அந்த மருந்தை எடுத்தால் இரண்டு நர்ஸ்கள் பிள்ளையின் பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம். ஏன் தெரியுமா? கை நரம்பில் ஏற்றினால் ரத்தப் புற்றுநோய்க் குழந்தையைக் காப்பாற்றுகிற அதே மருந்து, தவறிப்போய் முதுகுத் தண்டில் ஏறினால் உயிரை எடுத்துவிடும். அந்தப் படிப்பை 19 வருடமாகப் படிக்கிறேன். ஒரு நாளும் மனப்பாடமாகச் சொன்னதில்லை, லேபிளைப் பார்த்துத்தான் சொல்வேன்.

கவுனி அரிசியைப் பொங்கலுக்குச் சாப்பிடுங்கள். நல்ல அரிசி. மருந்து என்று சொல்லாதீர்கள்.

கவுனி அரிசி | காலை 8.11

ஆங்கில மருத்துவம் படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று தெரியும்.

இரண்டாம் கட்டு | மதியம் 1.30

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் புற்றுநோய் மருத்துவன். சொந்த ஊர் கண்டனூர் பக்கம். ஊர் பெயர் சொன்னால் வீட்டு அடையாளம் கேட்பீர்கள், வேண்டாம்.

எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. பன்னிரண்டு வருடம் கிட்டத்தட்ட. இவ்வளவு படித்துவிட்டு எங்கே ஓடுவது என்றுகூடச் சிலர் இருந்துவிடுகிறார்கள், அதையும் மறைக்கவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. 100க்கு 45 பேர் வேலைக் களைப்பில் எரிந்து அணைந்த நிலையில் இருந்தார்கள். அதே ஆய்வில் 100க்கு 82 பேர் இந்தத் தொழிலில் திருப்தி என்றும் சொன்னார்கள்.

பழைய பேரேடு | மதியம் 1.38

45ம் 82ம் 127. அமெரிக்காவில் 100 டாக்டருக்கு 127 பேரா? பேரேட்டில் இப்படி எழுதினால் வருமான வரிக்காரன் வாசலில் நிற்பான்.

இரண்டாம் கட்டு | மதியம் 1.52

ஐயா, ஒரே ஆள் இரண்டிலும் இருப்பார். களைத்துப்போனவர்களில் பலரும் திருப்தியாக இருக்கிறேன் என்கிறார்கள். அதுதான் அந்த ஆய்வில் பார்க்க வேண்டிய இடம். நானே அப்படித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. திங்கட்கிழமை காலை முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

ஒரு நோயாளி. நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோய். 2001இல் இமாட்டினிப் மாத்திரை வருவதற்கு முன்னால் இந்த நோய்க்காரரிடம் எலும்பு மஜ்ஜை மாற்று என்று ஆரம்பித்தால் பாதி வீட்டை விற்க வேண்டும், அப்படியும் பிழைப்பார் என்று உறுதி கிடையாது. இவர் தினம் ஒரு வேளை மாத்திரை போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். 14 வருடமாக வருகிறார். முதல் தடவை வந்தபோது மகள் ஒன்றாம் வகுப்பு. இந்த வைகாசியில் அந்தப் பெண்ணுடைய நிச்சயதார்த்தத்துக்கு என்னைப் பெண் வீட்டுப் பக்கம் உட்காரச் சொன்னார்கள். கண் ஆபரேஷன் செய்கிறவருக்கோ எலும்பு முறிவு பார்க்கிறவருக்கோ இப்படி அமையுமா?

பழைய பேரேடு | மதியம் 2.05

சந்தோஷம். அந்த மாத்திரை மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றது. நம் நாட்டுக் கம்பெனிகள் எட்டாயிரம் பத்தாயிரத்துக்குப் போட்டன. 2013 ஏப்ரல் 1 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தக் காப்புரிமையைத் தள்ளிய பிறகுதான் அது நிலைத்தது. விலையை இறக்கியது வழக்கு. டாக்டர் இறக்கவில்லை. நோயாளி 14 வருடம் இருந்தால் டாக்டருக்கும் 14 வருடம் ஃபீஸ். இதை நான் குற்றம் என்று சொல்லவில்லை, தொழில் என்கிறேன். நீங்கள்தான் கோவில் என்கிறீர்கள்.

செக்காலைத் திண்ணை | மதியம் 2.20

எல்லாவற்றையும் வட்டிக் கணக்கில் பார்த்தால் இந்த ஊரே இருந்திருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் காரைக்குடிக்கு வந்தது. அப்போது உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து 15 லட்சத்துக்கு எத்தனை பவுன் என்று கேட்டிருந்தால்?

பழைய பேரேடு | மதியம் 2.31

கேட்டிருப்பேன். அவரும் பதில் சொல்லியிருப்பார், ஏனென்றால் அவருக்குக் கணக்குத் தெரியும். சம்பாதித்தார், கொடுத்தார். இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதினார். நீர் ஒரே பக்கத்தில் குழப்புகிறீர். மகமைக்கு, அதாவது தர்மத்துக்கு, எடுத்து வைப்பது லாபத்தை எழுதிய பிறகு.

கோபால்ட் 60 | மாலை 4.10

என் வேலையில் கமிஷன் எங்கே நுழையும் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாய்ப் புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர் கொடுக்கும்போது முகம் ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது. அதற்கு வலை முகமூடி செய்வோம். சின்னச் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு. சுடுதண்ணீர்த் தொட்டியில் போட்டால் அப்பளமாட்டம் தொய்ந்துவிடும். எடுத்து முகத்தில் போர்த்தி, நெற்றி, மூக்கு, தாடை என்று இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். போன வருடம் ஒரு கொத்தனார் வந்தார். பழைய வீடுகளுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சுப் பூசுகிறவர். அறுபது வயது. கன்னத்தில் புகையிலை அடக்கிய பழக்கம் நாற்பது வருடம். முகமூடிக்குள்ளிருந்து கேட்கிறார்: "காய்ந்துவிட்டதா தம்பி?" கழற்றிக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்கு ஓரத்தில் இழுப்புச் சரியில்லை" என்றார். உண்மையிலேயே சரியில்லை. மறுபடியும் செய்தோம்.

திங்கள் முதல் வெள்ளி, ஏழு வாரம், 35 நாள். தினமும் அவரை மேசையோடு பூட்டிவிட்டு நாங்கள் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்துவோம். உள்ளே அவர் மட்டும். மைக்கில் நான் பேசிக்கொண்டிருப்பேன். கடைசி வாரங்களில் வாய் வெந்து அவரால் பதில் பேச முடியவில்லை. கட்டை விரலைத் தூக்குவார். 35ஆம் நாள் முகமூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சாரத்தில் மாட்டிவைத்திருப்பதாகக் கேள்வி.

நான் ஏன் இருக்கிறேன் என்று நீங்கள் கேட்டால் எனக்கு அழகாகச் சொல்லத் தெரியாது. அந்தக் கதவைச் சாத்திவிட்டு மைக்கில் பேச ஒரு ஆள் வேண்டும்.

பழைய பேரேடு | மாலை 4.30

முட்டைப் பூச்சு செய்கிற கொத்தனார் இன்னும் இருக்கிறாரா? எங்கள் வீட்டு முகப்பில் மேற்குச் சுவர் பொரிந்து கிடக்கிறது. ஊர் எது? தனியாக எழுதுங்கள்.

டெக்னீஷியனையும் நான் சொல்லவில்லை. டாக்டர். மூன்று பவுன்.

வெள்ளைத் தொப்பி | இரவு 8.50

பாருங்கள், அந்த மனிதருக்கு வாய் வெந்த கதை கேட்டு இவருக்குச் சுவர் ஞாபகம் வருகிறது.

பழைய பேரேடு | இரவு 9.30

சரி, கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

2016இல் எங்கள் வீட்டு ஆச்சிக்கு, என் மனைவிக்கு, கர்ப்பப்பையில் வந்தது. ஒரு பெரிய ஊரில் ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தோம். படத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போனோம். அவர்கள் கவரைப் பிரிக்கவே இல்லை. எங்கள் மெஷினில் எடுத்தால்தான் பார்ப்போம் என்றார்கள். ஒரே வாரம், ஒரே வயிறு, இரண்டு ஸ்கேன். பேரேட்டில் இரண்டு வரியும் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டாவதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். கமிஷன் என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டர் ஒரு சின்னப் பெண். ஆச்சி போன பிறகு, காரியம் முடிந்த மறுநாள் போன் செய்தது. "நீங்கள் சாப்பிடுகிறீர்களா அப்பா?" என்று கேட்டது. அதற்கும் ஒரு பில் வரும் என்று ஒரு மாதம் பார்த்தேன். வரவில்லை. வராததைப் பற்றிலா வரவிலா எதில் எழுதுவது? அதனால் எழுதவில்லை. அதை வைத்து இரண்டாவது ஸ்கேனை நேர் செய்துவிட முடியுமா? முடியாது. அது அது அந்தந்தப் பக்கத்தில் இருக்கும்.

இரண்டாம் கட்டு | இரவு 9.48

ஐயா, இரண்டாவது ஸ்கேன் தவறு. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் போன் செய்ததற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? அதைத்தான் நாங்கள் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பழைய பேரேடு | இரவு 9.53

அந்தப் பெண்ணைக் கேளுங்கள். நான் எப்படிச் சொல்வது?

செக்காலைத் திண்ணை | இரவு 9.58

அப்படியானால் பந்தியில் "ஒரே காரணம் கமிஷன்" என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறீர்களா?

பழைய பேரேடு | இரவு 10.01

நீர் முதலில் 200 ரூபாய் என்று ஏழை வேஷம் போட்டதைத் திரும்பப் பெறும். மூன்று பவுன் என்று எழுதும்.

கோபால்ட் 60 | இரவு 10.04

இரண்டரை.

செக்காலைத் திண்ணை | இரவு 10.09

200 ரூபாயைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிறவர், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டுகிற கோவில் புள்ளி வரி 200 ரூபாயை மூன்று வருடமாகக் கட்டவில்லை. அதுவும் கௌரவப் பணியா? காரியக்காரரிடம் நோட்டு இருக்கிறது.

பழைய பேரேடு | இரவு 10.12

ஊருணி தூர்வாரிய கணக்கை முதலில் வையும், புள்ளி வரி வைக்கிறேன். ஜே.சி.பி. எத்தனை மணி நேரம் ஓடியது? நீர் எழுதியது 40. ஊருணிக்கரையில் உட்கார்ந்து எண்ணியவன் நான். 31.

புதுக்கோட்டையான் | இரவு 10.15

இதற்குத்தான் நாங்கள் உங்களோடு சேரவில்லை.

மட்டுறுத்துநர் | இரவு 10.20

ஊருணி, புள்ளி வரி இரண்டுக்கும் தனித்தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள். கவுனி அரிசி அவர்கள் இணைத்த கஷாயக் குறிப்பு நீக்கப்பட்டது.

கவுனி அரிசி | இரவு 10.22

உண்மை சுட்டால் நீக்கத்தான் செய்வீர்கள்.

வெள்ளைத் தொப்பி | இரவு 11.35

நாளை நைட் டூட்டி. அந்தப் பாட்டிக்கு ஏழாவது தடவை. நான் இல்லாவிட்டால் கையை ஒளித்துவைத்துவிடுவார் என்பதால் காலை மருந்தை இரவுக்குத் தள்ளியிருக்கிறார்கள். இங்கே யார் ஜெயித்தது என்று வந்து படித்துக்கொள்கிறேன்.

பழைய பேரேடு | செவ்வாய், காலை 6.40

விடியற்காலை ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். 1958 விலையைக் கையோடு காட்டிவிடலாம் என்றுதான். பரணில் 1957 வரைதான் இருக்கிறது. பாகம் பிரித்தபோது 1958இலிருந்து உள்ள பேரேடுகள் தம்பி வீட்டுப் பங்குக்குப் போய்விட்டன. அவனோடு எனக்குப் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை.

ஆகவே 1955தான். மூன்று பவுன்.